11 வயது மார்க் 16 வயது ஆட்டத்தைச் சொல்லுமா?

இங்கிலாந்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மே மாதத்தில் ‘சாட்ஸ்’ தேர்வு எழுதுகிறார்கள். ஆங்கில வாசிப்பு, இலக்கணம், கணக்கு, அவ்வளவுதான். 80 முதல் 120 வரையிலான அளவில் மதிப்பெண் வரும். 100 வாங்கினால் தேறியதாகக் கணக்கு. ஐந்து ஆண்டு கழித்து ஜி.சி.எஸ்.இ. தேர்வில் இதே பிள்ளை உடற்கல்வியில் என்ன கிரேடு எடுக்க வேண்டும் என்ற இலக்கை, பல பள்ளிகள் அந்தப் பழைய வாசிப்பு, கணக்கு மதிப்பெண்களை வைத்தே போட்டுவிடுகின்றன. 9தான் உச்ச கிரேடு. மைதானத்துப் பக்கமே போகாத பையனுக்கு இலக்கு 8 என்றும், கிளப் அணியில் ஓடுகிற பெண்ணுக்கு 4 என்றும் அறிக்கை வந்தால் லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் நம் பெற்றோர் குழம்பத்தானே செய்வார்கள்?

நம்மூர் பி.டி. பீரியடை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. இங்கிலாந்தில் எல்லாருக்கும் உள்ள கட்டாய விளையாட்டு வகுப்பு வேறு. விரும்பி எடுத்துப் படிக்கும் தேர்வுப் பாடம் வேறு. இந்தப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 60 சதவீதம். மீதி 40-இல் மூன்று விளையாட்டுகளுக்குத் தலா 10. ஆட்டத்தை அலசி, குறை கண்டு, திருத்தும் வழி சொல்வதற்கு இன்னொரு 10. ஆக, உடம்பை அசைத்து வாங்கும் மதிப்பெண் 30 சதவீதம்தான்.

எழுத்துத் தேர்வில் என்ன கேட்பார்கள்? பந்தை உதைக்கும்போது முழங்காலில் நடப்பது என்ன என்று கேட்கலாம். முன்தொடைத் தசை சுருங்குகிறது, பின்தொடைத் தசை தளர்கிறது, கால் நீள்கிறது. இதைத் தினமும் செய்கிற பையனுக்கு எழுதத் தெரியாமல் போகலாம். செய்யவே வராதவன் அழகாக எழுதிவிடலாம். இதயத்துடிப்புக் கணக்கும் உண்டு. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு. 16 வயதுக்கு 204. நீண்ட நேரம் ஓடிப் பயிற்சி எடுக்க அதில் 60 முதல் 80 சதவீதம் வேண்டும், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 122 முதல் 163. சதவீதம் போடத் தெரிந்தால் மார்க் விழும், மூச்சு வாங்க வேண்டியதில்லை.

ஆகவே சாட்ஸ் மதிப்பெண் உடற்கல்வி கிரேடை ஓரளவு முன்கூட்டிச் சொல்வதில் வியப்பில்லை. வாசிப்பையும் கணக்கையும் சோதித்த தேர்வு, வாசிப்பும் கணக்கும் கலந்த இன்னொரு தேர்வைக் கணிக்கிறது. 2016-இல் புதிய பாடத்திட்டம் வருமுன் பெரிய தேர்வு வாரியங்களில் செய்முறைக்கு 60, எழுத்துக்கு 40 என்று இருந்தது. எடையைத் தலைகீழாக்கியதும் புத்தகத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் கை ஓங்கியது. பிள்ளைகளின் கால்கள் என்னவோ அப்படியேதான் இருக்கின்றன.

மைதானத்தில் வாங்கும் அந்த 30 சதவீதத்தைத் தீர்மானிப்பவை வேறு. எத்தனை வருடமாகக் கிளப்புக்குப் போகிறான், உடம்பு எப்போது வளர்ந்தது, காரோட்டிக் கொண்டுபோய் விட வீட்டில் ஆள் உண்டா என்பதெல்லாம் சேரும். பனிச்சறுக்கும் குதிரையேற்றமும்கூட அங்கீகரித்த விளையாட்டுப் பட்டியலில் உண்டு. அதற்குப் பணம் வேண்டும் என்பதைச் சொல்லவா வேண்டும்!

பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே வகுப்பு பிரிக்கும் தேதி செப்டம்பர் 1. ஆகஸ்டில் பிறந்த பிள்ளை, முந்தைய செப்டம்பரில் பிறந்த வகுப்புத் தோழனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது இளையது. கால்பந்து அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர் பிள்ளைகள் குவிவதும், 11 வயதுத் தேர்வில் ஆகஸ்ட் பிள்ளைகள் சராசரியில் பின்தங்குவதும் பல ஆய்வுகள் பார்த்த சங்கதி. படிப்புக்கும் ஆட்டத்துக்கும் உறவு இருப்பதாகத் தெரிவதில் ஒரு பங்கு காலண்டர் செய்யும் வேலை.

இனி, கணிப்பின் அளவு. பழைய மதிப்பெண்ணுக்கும் புதிய கிரேடுக்கும் ஒட்டுறவு 0.7 என்றே வைத்துக்கொள்வோம், பலமான உறவுதான். ஆனால் புள்ளியியலில் அதை வர்க்கப்படுத்திப் பார்க்க வேண்டும்: 0.49. பிள்ளைகளுக்கிடையிலான வேறுபாட்டில் பாதிக்குமேல் விளக்கமில்லாமல் நிற்கிறது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சராசரி என்றால் மேடுபள்ளங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரே ஒரு பிள்ளை என்றால் போகாது. சாட்ஸ் மதிப்பெண்ணோடு ஜி.சி.எஸ்.இ. முடிவை ஒப்பிட்டுப் பள்ளிகளை மதிப்பிட 2016-இல் வந்த ‘புரோகிரஸ் 8’ என்ற அளவும் பள்ளிக்கானதுதான். தனிப் பிள்ளையின் எண்ணைப் பகிர வேண்டியதில்லை என்று கல்வித் துறையே சொல்லியிருக்கிறது. அந்த சாட்ஸ் மதிப்பெண்ணைப் பிள்ளையின் தலையில் இலக்காக ஏற்றியது பள்ளிகளின் வேலை என்றே தோன்றுகிறது.

கொரோனாவால் 2020, 2021 ஆண்டுகளில் சாட்ஸ் நடக்கவில்லை. அதனால் 2025, 2026-இல் ஜி.சி.எஸ்.இ. எழுதும் பிள்ளைகளுக்குப் புரோகிரஸ் 8 கணக்கே இல்லை. அந்த இடத்தை நிரப்பப் பள்ளிகள் நாடும் ‘கேட்’ என்ற திறன் தேர்விலோ சொல், எண், வடிவம், இடவுணர்வு என நான்கு பகுதிகள். அதிலும் ஓட்டம் கிடையாது.

உங்கள் பிள்ளைக்கு இப்படியோர் இலக்கு வந்திருந்தால், உடற்கல்வி ஆசிரியரிடம் எழுத்துக்கு எவ்வளவு, செய்முறைக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிள்ளையின் ஆட்டத்தை நேரில் பார்ப்பவர் அவர்தான்.