ஆதர் சி. கிளாக்: புனைவும் வாழ்வும்

விஞ்ஞானப் புனைகதையாளர் ஆதர் சி. கிளாக்கைக் கொழும்புக்கு ஈர்த்தது விண்ணன்று, கடலேயாம். 1917இல் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கரையோர ஊரிற் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் ராடார்த் துறையிற் பணியாற்றினார். பூமியோடு ஒத்துச் சுழலும் மூன்று செய்மதிகள் உலகெங்கும் செய்தி பரப்பப் போதுமென 1945இலேயே எழுதினார். 1954இல் அவுஸ்திரேலியப் பவளத்திட்டுகளை நாடிச் சென்ற வழியிற் கொழும்பிற் கப்பல் தரித்தது. அன்று கண்ட கடல் அவரை விடவில்லை. 1956இல் இங்கே குடியேறினார்.

அவ்வாண்டிலேயே அவரும் நண்பர் மைக் வில்சனும் திருக்கோணமலையிற் சுவாமி மலையடியில் நீரில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். இதனை 1957இல் வெளிவந்த நூலில் விரித்துரைத்தார். மதநம்பிக்கை அற்ற ஒருவர் நம்மவர் பாடிப் பரவிய கோயிலின் எச்சங்களை உலகுக்கு அறிவித்தமை வியப்புக்குரியதே. வில்சனோ பிற்காலத்திற் சுவாமி சிவகல்கி என்னும் பெயரோடு துறவு பூண்டார்.

கிளாக்கின் வாழ்வில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்றுண்டு. 1953இல் அவர் செய்த மணம் சில மாதங்களிற் பிரிவில் முடிந்து, 1964இல் முறைப்படி நீங்கியது. ஆண், பெண் இருபாலாரிடத்தும் ஈர்ப்புற்ற அனுபவம் உண்டோவென 1986இல் அமெரிக்க இதழொன்று வினவியபோது அவர் மறுக்கவில்லை. அஃது இல்லாதார் யாரெனும் பொருள்படத் திருப்பிக் கேட்டார். ஆயினும் தம்மைக் குறித்து அதற்குமேல் விளக்கவில்லை. அதன்பொருட்டு இயக்கம் எதனையும் நடத்தவுமில்லை.

புனைவிலோ அவர் தயங்கினாரல்லர். 1975இல் வெளிவந்த ‘இம்பீரியல் ஏர்த்’ நாவலின் தலைவன் டங்கன், சனிக்கோளின் துணைக்கோளாகிய டைட்டனிலிருந்து 2276இற் பூமிக்கு வருபவன். அவன் ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் நேசித்தவன். அக்கதையுலகில் எவரும் இதனைக் குற்றமெனக் கொள்ளார். வாதம் புரிந்து நிறுவவேண்டிய செய்தியாகவும் ஆசிரியர் இதனைக் கருதவில்லை. நாவலின் துணிவு இவ்வியல்பான பாவனையிலேயே உள்ளது.

அக்கதையை அவர் எழுதிய நாட்டின் சட்டமோ வேறு. 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் 365அ பிரிவும் அத்தகைய உறவைக் குற்றமாக்கின. இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தியது. அது தந்துசென்ற சட்டம் இங்கே தளரவில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தமோ தண்டனையைப் பெண்களுக்கும் விரித்தது. கடலுக்காகத் தாய்நாட்டை விட்டவர், அந்நாடு கைவிட்ட சட்டத்தின் கீழே வாழ்ந்தார் என்பது நகைமுரணே. சட்டத்தை எதிர்க்கும் பணியைப் பிறர் ஏற்றனர். 2004இல் ரொசானா பிளேமர் கல்தேரா கொழும்பில் ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பை நிறுவினார். அப்பிரிவுகளைத் திருத்தக் கொணர்ந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது.

கிளாக்கை இந்நாடு கொண்டாடவே செய்தது. 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராயிருந்தார். 2005இல் நாட்டின் அதியுயர் விருதாகிய ஸ்ரீலங்காபிமான்யவும் பெற்றார். கறுவாத்தோட்டத்தில் அவர் வாழ்ந்த மனைக்கு, 1977இல் முப்பது வயதை எட்டுமுன் விபத்தில் மாண்ட நண்பர் லெஸ்லி ஏக்கநாயக்காவின் பெயரை இட்டிருந்தார். விண்ணுக்கு ஏறும் மின்தூக்கியைக் கற்பனை செய்து, சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் புதுப்பெயரிட்டுப் படைத்த ‘தி பவுண்டன்ஸ் ஒப் பரடைஸ்’ (1979) என்னும் நாவலும் அந்நண்பருக்கே காணிக்கையாயிற்று.

2008 மார்ச் 19இற் கிளாக் காலமானார். மதச் சடங்கு எதுவும் வேண்டாவென அவர் பணித்தபடியே, பொரளைக் கனத்தையில் லெஸ்லியின் கல்லறையருகே அடக்கம் நிகழ்ந்தது. தம் அந்தரங்க நாட்குறிப்புகளைத் தம் மறைவின்பின் பல ஆண்டுகள் கழியும்வரை வெளியிடலாகாது என்பதும் அவர் விட்டுச்சென்ற ஏற்பாடாகும்.