விமான நிலையத்துக்குள் டான்ஸ் கிளப், உளவுத்துறை பெயரில் லேபிள்: டிரான்ஸ் தட்டுகளின் அதிசயங்கள் தெரியுமா?

ஒரு வினைல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கும்? நூறு? ஐந்நூறு? ஒன்றே ஒன்றுதான்! விளிம்பில் தொடங்கி நடுப்பகுதிவரை சுருண்டு சுருண்டு போகும் ஒற்றைக் கோடு அது. பத்து நிமிட டிரான்ஸ் இசை ஒன்று நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடினால் மொத்தம் 450 சுற்று. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 300 மீட்டர் நீளம்! அவ்வளவு தூரமும் ஊசி நடந்தால்தான் அந்தப் பக்கம் முடியும்.

டிரான்ஸ் என்றால் என்ன என்கிறீர்களா? 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவெடுத்த மின்னணு நடன இசை. நிமிடத்துக்கு 125 முதல் 150 அடிவரை தாளம் ஓடும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து மெல்ல மெல்ல ஏறும். நடுவில் தாளம் சட்டென நிற்கும், மெட்டு மட்டும் மிதக்கும். அடுத்த நொடி எல்லாம் சேர்ந்து கொட்டும்! இந்த இசை முதலில் புழங்கியது பெரும்பாலும் 12 அங்குலத் தட்டுகளில்தான். அந்தத் தட்டுகளைத் தேடி அலைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஏன் அலைகிறார்கள்? கேளுங்கள்!

விமானம் ஏறும் இடத்தில் விடிய விடிய ஆட்டம்!

பிராங்க்பர்ட் விமான நிலையத்தின் முதல் முனையத்துக்குள்ளேயே ஒரு டான்ஸ் கிளப் இருந்தது தெரியுமா? பெயர் டோரியன் கிரே. 1978-இல் திறந்து 2000-இல் மூடினார்கள். பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும் அதே கட்டடத்தில் 22 வருடக் கொண்டாட்டம்! அங்கே தட்டு சுழற்றியவர்களில் ஒருவர் டிஜே டாக். கிளாசிக்கல் கிட்டார் படித்த ரோல்ஃப் எல்மரோடு சேர்ந்து அவர் தொடங்கிய குழுதான் 'டான்ஸ் 2 டிரான்ஸ்'. 1990-இல் வந்த அவர்களுடைய 'வி கேம் இன் பீஸ்', டிரான்ஸின் முதல் தட்டுகளில் ஒன்று என்று இன்றும் கொண்டாடப்படுகிறது.

ஆனால் 'டிரான்ஸ்' என்ற சொல் அதற்கு முன்பே தட்டில் ஏறிவிட்டது! இங்கிலாந்தின் கேஎல்எஃப் என்ற இரட்டையர் 1988-லேயே 'வாட் டைம் இஸ் லவ்' தட்டை 'ப்யூர் டிரான்ஸ்' என்ற அடைமொழியோடு வெளியிட்டார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? புகழின் உச்சியில், 1992-இல், இசையே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அதோடு விட்டார்களா? இங்கிலாந்தில் தங்கள் தட்டுகள் எதையும் இனி அச்சிடக் கூடாது என்று மொத்தப் பட்டியலையும் நீக்கிவிட்டார்கள்! 1994 ஆகஸ்ட்டில் ஜூரா என்ற ஸ்காட்லாந்துத் தீவுக்குப் போய் பத்து லட்சம் பவுண்டு பணத்தைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். நிஜப் பணம்! இப்படிப்பட்டவர்களின் பழைய தட்டு கையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

விமானத்தில் கேட்கப் போட்ட இசை!

இன்னும் பின்னால் போகலாமா? 1981 டிசம்பர் 12. பெர்லினில் மானுவல் கோட்ஷிங் என்ற கலைஞர் தன் ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து வாசித்தார். அடுத்து போக வேண்டிய விமானப் பயணத்தில் வாக்மேனில் கேட்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான் காரணம்! நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை! 1984-இல் அது 'இ2-இ4' என்ற தட்டாக வந்தது. சதுரங்கத்தில் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னேற்றும் தொடக்க நகர்வுதான் அந்தப் பெயர். டெக்னோ, ஹவுஸ், டிரான்ஸ் என்று பின்னால் வந்தவர்கள் பலரும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

பம்பாய்க்காரர் முந்திக்கொண்டார்!

இப்போது சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த அதிசயம். சரண்ஜித் சிங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர், ஆர்.டி. பர்மனுக்கும் வாசித்தவர். 1982-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த மூன்று கருவிகளை ஒன்றாக இணைத்தார்: டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 பேஸ் கருவி, ஜுபிடர்-8 சிந்தசைசர். அவற்றில் என்ன வாசித்தார்? பைரவ், லலித், மால்கௌன்ஸ், பூபாளி, யமன் என்று பத்து ராகங்கள்! நம் கச்சேரிக் காதுக்குச் சொல்வதென்றால் பூபாளி நம்முடைய மோகனம், மால்கௌன்ஸ் நம்முடைய இந்தோளம், யமன் நம் கல்யாணிக்கு நெருங்கிய சொந்தம். இந்தோளம் டிஸ்கோ தாளத்தில் ஓடுகிறது, கீழே டிபி-303 நெளிந்து நெளிந்து குமிழி விடுகிறது!

எச்எம்வி வெளியிட்ட அந்தத் தட்டை அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே டிபி-303 சத்தத்தை வைத்து சிகாகோ இளைஞர்கள் 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற தட்டை வெளியிட்டு உலகைக் கலக்கியது எப்போது தெரியுமா? 1987-இல்! பம்பாய்த் தட்டு ஐந்து வருடம் முந்தியது! டச்சு சேகரிப்பாளர் ஒருவர் இந்தியாவில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார், 2010-இல் அது மறுபதிப்பாக வந்தது. கேட்டவர்கள் 'இது பழைய தட்டே இல்லை, யாரோ ஏமாற்றுகிறார்கள்' என்றார்களாம்! எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் ஏறி அதை நேரில் வாசித்துக் காட்டினார். 2015-இல் மறைந்தார். 1982-இன் அசல் பிரதிக்கு இன்றும் கடும் போட்டி!

அந்த டிபி-303 வியாபாரத்தில் படுதோல்வி அடைந்த கருவி என்பது தெரியுமா? தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாகப் பேஸ் வாசிக்கத்தான் அதைச் செய்தார்கள். நிஜ பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை! சுமார் 10,000 செய்துவிட்டு 1984-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அடகுக்கடைகளில் சல்லிசாகக் கிடந்தது. காசில்லாத பிள்ளைகள் வாங்கிப்போய்த் திருகினார்கள், புது இசையே பிறந்தது! அந்தக் கருவிக்கு இன்று சில ஆயிரம் டாலர் கேட்கிறார்கள்.

உளவுத்துறை எழுத்தில் ஒரு லேபிள்!

பெர்லின் சுவர் 1989 நவம்பரில் விழுந்தது. மார்க் ரீடர் என்ற மான்செஸ்டர்காரர் அடுத்த வருடமே அங்கே ஒரு லேபிள் தொடங்கினார். பெயர் எம்எஃப்எஸ். கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையான ஸ்டாசியின் அதிகாரபூர்வப் பெயருக்கும் அதே மூன்று எழுத்துதான்! ஊரையே நடுங்க வைத்த அந்த எழுத்துகளைத் தூக்கி நடன இசைத்தட்டின் நடுவில் ஒட்டினார்! அதற்கு அவர் கொடுத்த புது விரிவு: 'மாஸ்டர்மைண்டட் ஃபார் சக்சஸ்'.

அந்த லேபிளில் வளர்ந்தவர் யார்? கிழக்கு ஜெர்மனியில் பிறந்த பால் வான் டைக்! சிறுவயதில் மேற்கத்தியத் தட்டுக்கு ஆசைப்பட்டபோது கடையில் வாங்க வழியில்லை, எல்லை தாண்டி வந்த ரேடியோ அலைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1992-இல் காஸ்மிக் பேபி என்பவரோடு சேர்ந்து அவர் போட்ட முதல் தட்டில் குழுவின் பெயர் என்ன தெரியுமா? 'தி விஷன்ஸ் ஆஃப் சிவா'! நம் சிவபெருமானேதான்! 1994-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் '45 ஆர்பிஎம்'. தட்டு சுழலும் வேகத்தையே தலைப்பாக வைத்துவிட்டார். உலகப் புகழ் பெற்ற 'ஃபார் ஆன் ஏஞ்சல்' இருப்பது அதில்தான்.

ஃபேக்ஸ் நம்பரையே பெயராக வைத்த லேபிளும் உண்டு! பிராங்க்பர்ட்டின் பீட் நாம்லூக் 1992-இல் தொடங்கியது. 'ஃபேக்ஸ்' என்ற சொல், ஜெர்மனிக்கான +49, பிராங்க்பர்ட்டுக்கான 69, அப்புறம் அவருடைய எண். இதுதான் முழுப் பெயர்! பல வெளியீடுகளில் சில நூறு பிரதிகள் மட்டுமே. தீர்ந்தால் தீர்ந்ததுதான்!

கோவா டிரான்ஸை கோவாவில் வினைலில் போடவில்லையா?

கோவா டிரான்ஸ் என்று ஒரு பெரிய பிரிவே இருக்கிறது. ஆனால் அஞ்சுனா கடற்கரையில் அதை வளர்த்தவர்கள் தட்டைத் தொடவே தயங்கினார்கள் தெரியுமா? காரணம் வெயில்! சூடு ஏறினால் வினைல் அப்பளம் போல வளைந்துவிடும். அதனால் அவர்கள் நம்பியது 'டாட்' என்ற சின்ன டிஜிட்டல் கேசட்டை. கலிபோர்னியாவில் பிறந்து அஞ்சுனாவில் குடியேறிய கோவா கில், இரண்டு டாட் கருவிகளை வைத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் இசை நடத்திவந்தார்! ஒரு நாள் முழுக்க!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். டாட் கருவியில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு பாடல்களின் தாளத்தை ஒட்ட முடியாது. ஆகவே பாடலின் தொடக்கத்திலும் முடிவிலும் தாளமே இல்லாத நீண்ட மிதக்கும் பகுதிகள் வந்தன. அங்கே ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடலாம்! வெயிலும் கேசட்டும் சேர்ந்து ஓர் இசையின் வடிவத்தையே மாற்றிவிட்டன! இன்று சேகரிப்பாளர்கள் தேடும் கோவா டிரான்ஸ் தட்டுகள் பெரும்பாலும் லண்டனிலிருந்தும் ஐரோப்பிய நகரங்களிலிருந்தும் வந்தவை. 2000-இல் இங்கிலாந்தில் தொடங்கிய புகழ்பெற்ற லேபிளின் பெயர் என்ன? அஞ்சுனாபீட்ஸ்! அதே கடற்கரை!

தட்டைச் சாய்த்துப் பாருங்கள்!

சேகரிப்பாளர் கையில் ஒரு தட்டைக் கொடுங்கள். அட்டையைப் பார்க்க மாட்டார். தட்டை உருவி, வெளிச்சத்தில் சாய்த்து, இசை முடியும் இடத்துக்கும் நடுவிலுள்ள காகித வட்டத்துக்கும் இடையே இருக்கும் வெறும் கறுப்பு வளையத்தை உற்றுப் பார்ப்பார். அங்கே மயிரிழை போல் எழுத்துகளும் எண்களும் இருக்கும்! முதல் தட்டை வெட்டிய பொறியாளர் கையால் கீறியவை. முதல் அச்சா, மறுபதிப்பா, கள்ளப் பதிப்பா என்று அந்த எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். சிலர் எண்ணோடு நிற்பதில்லை, கையொப்பமும் போடுவார்கள்! ஜார்ஜ் பெக்கம் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தன் வேலையில் 'எ போர்க்கி ப்ரைம் கட்' என்று கீறிவந்தார். போர்க்கி அவருடைய பட்டப்பெயர்.

'ஒயிட் லேபிள்' கேள்விப்பட்டதுண்டா? நடுக் காகிதம் வெறும் வெள்ளை. சிலவற்றில் ரப்பர் முத்திரை, சிலவற்றில் பேனா எழுத்து, சிலவற்றில் ஒன்றுமே கிடையாது! டிஜேக்களுக்கு மட்டும் முன்கூட்டி அனுப்பிய பிரதிகள் அவை. பெயரில்லாத அந்தத் தட்டுக்குத்தான் கிராக்கி!

எது விலை போகும் என்பதிலும் ஆச்சரியம் உண்டு. ஊரெல்லாம் ஒலித்த 1999-இன் ஹிட் பாடல் ஆயிரக்கணக்கில் அச்சானதால் மலிவாகவே கிடைக்கும். 2001-இல் பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-1000 என்ற சிடி கருவி வந்தது, 2004-இல் டிஜேக்களுக்கான பீட்போர்ட் இணையக் கடை வந்தது. வினைலை விட்டு டிஜேக்கள் நகர்ந்தார்கள். அப்போது கொஞ்சமாக அச்சிட்ட தட்டுகள்தான் இன்று கண்ணில் படுவதே இல்லை!

உலகத்தின் தட்டுகளையெல்லாம் பட்டியல் போடும் டிஸ்காக்ஸ் தளம் 2000-இல் எதற்காகத் தொடங்கியது தெரியுமா? மின்னணு இசைக்காக மட்டும்! ராக், ஜாஸ், சினிமா இசை எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. இன்று அதில் ஒரு கோடிக்கும் அதிகமான வெளியீடுகள்!

இவ்வளவுக்கும் அடிப்படையான 12 அங்குல சிங்கிளே ஒரு தற்செயல்! 1970-களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் ஒரு பாடலைத் தட்டில் வெட்டப் போனார். 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. கையில் கிடைத்த பெரிய தட்டில் கோட்டை அகலமாக விரித்து வெட்டினார்கள். சத்தம் எகிறியது! 1976-இல் 12 அங்குல சிங்கிள் கடைக்கே வந்துவிட்டது.

2020 பிப்ரவரியில் என்ன நடந்தது தெரியுமா? வினைல் அச்சிடப் பெரும்பாலும் முதலில் லாக்கர் பூசிய மூலத்தட்டு வேண்டும். அதைச் செய்யும் பெரிய ஆலைகள் அப்போது உலகத்தில் இரண்டே இரண்டு! ஒன்று கலிபோர்னியாவில், மற்றது ஜப்பானில். கலிபோர்னியா ஆலை தீயில் எரிந்தே போனது! உலகத்தின் பாரம் முழுக்க ஜப்பான் ஆலையின் தலையில் விழுந்தது.

அப்படியும் தட்டு நிற்கவில்லை! 'ஏஜ் ஆஃப் லவ்' என்ற இசை 1990-இல் இத்தாலியர்கள் செய்து பெல்ஜியத்தில் வந்தது. 1992-இல் ஜாம் அண்ட் ஸ்பூன் என்ற பிராங்க்பர்ட் ஜோடி அதை மாற்றியமைத்து அழியாப் புகழ் தேடித்தந்தது. அந்த ஜாம் வேறு யாருமில்லை, டான்ஸ் 2 டிரான்ஸின் அதே ரோல்ஃப் எல்மர்! 2021-இல் பெல்ஜியத்தின் ஷார்லட் டி விட், இத்தாலியின் என்ரிகோ சான்ஜூலியானோவோடு சேர்ந்து அதற்கு மறுபடி ஒரு வடிவம் கொடுத்தார். அந்த ஆண்டு அவருக்கு வயது 29. பாடலுக்கு வயது 31!