படித்தவர்களும் ஏமாறுவது ஏன்?

'நானாவது, ஏமாறுவதாவது!' என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியானால் இது முதலில் உங்களுக்குத்தான்.

போனில் ஒரு வீடியோ கால். எதிரே போலீஸ் உடுப்பில் ஒருவர். "உங்க ஆதார் நம்பர்ல வந்த பார்சல்ல போதை மருந்து இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். போனைக் கட் பண்ணக் கூடாது, யார்கிட்டயும் பேசக் கூடாது" என்கிறார்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் 2024-ல் லூதியானாவைச் சேர்ந்த பெரிய தொழிலதிபர் ஒருவர் இந்த மாதிரி வலையில் விழுந்து 7 கோடி ரூபாயைப் பறிகொடுத்தார். ஆன்லைனில் போலி சுப்ரீம் கோர்ட் விசாரணையே நடத்திக் காட்டினார்கள்! ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுக்கிறவர், உலகம் தெரியாதவரா என்ன?

கோளாறு அறிவில் இல்லை. அந்த நேரத்து மனநிலையில் இருக்கிறது.

பயம் அளவு மீறினால்...

அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் 1908-ல் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்பான வழியில் போனால் ஷாக் அடிக்கும். வேலை சுலபமாக இருந்தபோது, ஷாக் கூடக்கூட எலிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வேலை கஷ்டமானதும் கதை மாறியது. ஷாக் ஓரளவைத் தாண்டியதும் கற்பது மந்தமானது.

நாமும் அப்படித்தான். பரீட்சைக்கு முன் கொஞ்சம் பயம் இருந்தால் நன்றாகப் படிப்போம். அதுவே அளவு மீறினால் தெரிந்த விடையும் மறந்து போகும்!

பயந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ, சண்டை போடவோ உடம்பு தயார். ஆனால் 'இது நிஜம்தானா?' என்று எடை போட வேண்டிய முன்மூளை தடுமாறுகிறது. மோசடிக்காரனுக்கு வேண்டியது இதுதான். "பத்து நிமிஷத்துல பணம் கட்டணும்" என்று விரட்டுவது இதற்காகத்தான். போனை வைக்க விடாததும் இதற்காகத்தான். வைத்துவிட்டால் படபடப்பு இறங்கும், யோசனை வந்துவிடுமே!

உடுப்பைக் கண்டால்...

1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். கோட் போட்ட ஒருவர் "தொடருங்கள்" என்று சொன்னதற்காக, பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஷாக் கொடுப்பதாக நம்பி, 40 பேரில் 26 பேர் கடைசி ஸ்விட்சான 450 வோல்ட் வரை போனார்கள். நிஜத்தில் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. அதிகாரி என்று நம்பிவிட்டால் நல்லவர்கள்கூட எதிர்த்துக் கேட்பதில்லை என்பதுதான் அதில் தெரிந்தது.

என்ன செய்யலாம்?

* நம் சட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்த போலீஸும் வீடியோ காலில் பணம் கேட்காது.

* நெஞ்சு படபடக்கிறதா? அதுவே அபாய மணி. போனை வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, பத்து முறை நிதானமாக மூச்சு விடுங்கள். அதன் பிறகு யோசியுங்கள்.

* 'யாரிடமும் சொல்லாதே' என்கிறார்களா? உடனே ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

* தூக்கக் கலக்கம், காய்ச்சல், அசதி... இந்த நேரங்களில் பண விஷயத்தில் முடிவு எடுக்காதீர்கள்.

* பணம் போய்விட்டதா? உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஒரு முக்கிய விஷயம். வீட்டில் யாராவது ஏமாந்து வந்தால், "இவ்வளவு படிச்சும் புத்தி இல்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் நாட்கணக்கில் வாயைத் திறப்பதில்லை. அதற்குள் பணம் கைமாறிப் போய்விடும். சிலர் மனமொடிந்து விபரீத முடிவுக்கும் போய்விடுகிறார்கள். "பரவாயில்லைப்பா, முதல்ல 1930-க்குப் போன் போடலாம்" என்று சொல்லுங்கள். போன பணம் திரும்பி வருகிறதோ இல்லையோ, உங்கள் மனுஷர் உங்களோடு இருப்பார்!