பாலையும் வாய்க்காலும்: மரிக்கோப்பா கவுண்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில் அரிசோனா மாநிலத்தைச் சார்ந்தது மரிக்கோப்பா கவுண்டி. கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவாகும். 1871-இல் அமைக்கப்பெற்ற இதன் பரப்பு ஏறத்தாழ 23,900 சதுர கிலோமீட்டர். சொனோரா பாலையில் அமைந்த இக்கவுண்டியின் முதன்மை நகரான பீனிக்ஸில் ஆண்டு மழை 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. எனினும் 2020-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி இங்கு வாழ்வோர் 44,20,568 பேர். வறண்ட நிலத்தில் இத்துணை மக்கள் வாழ்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை, வாய்க்கால்களில் உள்ளது.

கிழக்கு மலைகளின் மழையும் பனியும் சால்ட், ஹீலா ஆகிய ஆறுகளாகச் சமவெளியை அடைகின்றன. ஹோஹோகாம் எனப்படும் தொல்குடியினர், ஏறத்தாழ 1450 வரை பல நூற்றாண்டுகள், இவ்வாறுகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிட்டனர். இரும்புக் கருவியோ இழுவை விலங்கோ அவர்களிடம் இல்லை. 1867-இல் ஜாக் சுவில்லிங் என்பவர், தூர்ந்து கிடந்த அவ்வாய்க்கால்களின் தடத்தைப் பின்பற்றி மீண்டும் பாசனம் தொடங்கினார். பழைய நாகரிகம் அழிந்த இடத்தில் எழுந்த ஊருக்கு, சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் கதைப் பறவையின் பெயர் இடப்பட்டது. 1911-இல் சால்ட் ஆற்றில் ரூஸ்வெல்ட் அணை கட்டி முடிக்கப்பட்டபின் பாசனம் நிலைபெற்றது.

இந்நலன் அனைவருக்கும் கிட்டவில்லை. தெற்கே ஹீலா ஆற்றங்கரையில் உழவு செய்த அக்கிமெல் ஓடாம் மக்கள், 1849-இல் கலிபோர்னியாவில் பொன் தேடிச் சென்றோருக்குக் கோதுமை அளித்தவர்கள். 1870-க்குப் பின் மேற்பகுதியில் குடியேறியோர் நீரைத் திருப்பியமையால், கடைமடையில் ஆறு வற்றியது, வயல்கள் தரிசாயின, பஞ்சம் சூழ்ந்தது. இம்மக்களும், கவுண்டிக்குத் தம் பெயரைத் தந்த மரிக்கோப்பா குடியினரும் நெடுங்காலம் உரிமை கோரி, 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீருக்கு உரிமை பெற்றனர். ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடியாகும்.

இந்நீரில் ஏறத்தாழப் பாதி, கொலராடோ ஆற்றிலிருந்து வரும் 541 கிலோமீட்டர் நீளக் கால்வாயைச் சார்ந்தது. பீனிக்ஸ் முதலிய நகரங்களும் இக்கால்வாயால் பயன்பெறுகின்றன. கொலராடோவில் நீர் குறைந்தமையால் 2022-இல் அரிசோனாவின் பங்கு குறைக்கப்பட்டது. 2023-இல், நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்குப் பீனிக்ஸ் வட்டாரத்தில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

பாலையில் குடியிருப்பை வரையறுப்பது நிலத்தின் அளவன்று. நீரின் அளவும் அதனைப் பகிரும் முறையுமே. எனவே இத்தகைய பகுதிகளை வரைபடத்தில் விளக்கும் ஆசிரியர், வாய்க்காலின் தலைப்பை மட்டுமன்றி அதன் கடைமடையையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும்.