விடுதி மணி – 9: ஒரு புள்ளிக்கு ஓடியவர்கள்

தை பிறந்து, மாரி ஓய்ந்து, மைதானத்து மண் இறுகிவிட்டால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். முதலாம் தவணை என்றாலே இல்ல விளையாட்டுப் போட்டிதான். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்த பழைய மாணவர்கள் பலர், "மெய்வல்லுநர் போட்டி எப்போது வரும்?" என்று கேட்டார்கள். இதோ வந்துவிட்டது.

நான் விடுதியில் தங்கிப் படித்த வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் நான்கு இல்லங்கள்: ஏபிரகாம், பிறவுண், ஹேஸ்டிங்ஸ், ஹிட்ச்கொக். ஹேஸ்டிங்ஸ், 1872இல் கல்லூரி தொடங்கியபோது முதல் அதிபராக இருந்தவர். அவரும் பிறவுணும் ஹிட்ச்கொக்கும் கடல் கடந்து வந்து இங்கே உழைத்த அமெரிக்கர்கள். ஏபிரகாம் நம்மவர். காரைநகர் அலன் ஏபிரகாம், கணிதமும் வானியலும் கற்பித்தவர். 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதன் பாதையைக் கணித்துப் புகழ் பெற்றவர். விளையாட்டில் மோதிக்கொள்ளும் ஓர் இல்லம் கணித ஆசிரியர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது எனக்கு இன்றும் பெருமை.

இங்கிலாந்தின் பழைய விடுதிப் பள்ளிகளில் இல்லம் என்பது மாணவன் உண்டு உறங்கும் கட்டடம். ஓர் இல்லத்துப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வாழ்வார்கள். எதிரி வேறு கட்டடத்தில் இருப்பான். நம் கல்லூரிகளில் அப்படி இல்லை. வீட்டிலிருந்து வரும் மாணவர், விடுதி மாணவர் எல்லோரையும் கலந்துதான் இல்லங்களுக்குப் பிரித்தார்கள். அண்ணன் இருந்த இல்லமே தம்பிக்கும் கிடைப்பது வழக்கம். ஆகவே எங்கள் படுக்கை மண்டபத்தில் எனக்கு வலப்பக்கக் கட்டிலில் ஹேஸ்டிங்ஸ், இடப்பக்கக் கட்டிலில் பிறவுண். மற்ற மாதங்களில் ஒரே சம்பலைப் பங்கிட்டுத் தின்ற நாங்கள், போட்டி அறிவித்தல் பலகையில் ஏறிய அன்றே குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அஞ்சல் ஓட்டத்தில் யார் கடைசியாக ஓடுவது என்பது பரம ரகசியம். இரவுப் படிப்பு முடிந்து விளக்கணைந்த பிறகு கிணற்றடியில்தான் இல்லக் கூட்டங்கள் நடக்கும்.

பேச்சுப் போட்டி, நாடகம், விவாதம் என்று வருடம் முழுவதும் ஏதாவது இருந்தது. எல்லாவற்றிலும் யாரோ ஒரு சிலர்தான் மேடையேறுவார்கள். மெய்வல்லுநர் போட்டியில் மட்டும் எல்லோருக்கும் ஓர் இடம் இருந்தது. அதற்குக் காரணம் 'ஸ்டான்டர்ட்ஸ்'. இறுதி நாளுக்கு வாரங்கள் முன்னரே அது தொடங்கிவிடும். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஓட்டத்துக்கு இவ்வளவு நேரம், பாய்ச்சலுக்கு இவ்வளவு தூரம், எறிதலுக்கு இவ்வளவு தூரம் என்று ஓர் அளவு வைத்திருப்பார்கள். யாரையும் முந்த வேண்டியதில்லை. அந்த அளவை எட்டினால் போதும், இல்லத்துக்கு ஒரு புள்ளி.

எங்கள் இல்லக் கப்டன் ஒரு கொப்பி வைத்திருந்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பெயர்கள், மேலே குறுக்காக நிகழ்ச்சிகள். பெயருக்கு நேரே ஒரு கட்டமாவது நிரம்பாமல் யாரையும் விடமாட்டார். விடுதிப் பிள்ளைகளின் பெயர்களில் அவருக்குத் தனிக் கண். மற்றவர்கள் பள்ளி விட்டதும் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்கள். நாங்கள் எங்கே ஓடி ஒளிவது?

நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு பெடியன் எங்கள் மண்டபத்தில் இருந்தான். தொய்வுக்காரன். மார்கழிப் பனியில் இரவெல்லாம் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவான். கப்டன் கொப்பியுடன் வந்தபோது அவன் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"அண்ணை, எனக்குத் தொய்வு. ஓடேலாது."

"ஓடச் சொல்லி ஆர் சொன்னது? குண்டு போடு. முதலாவதாய் வரவேண்டாம், கோட்டைத் தாண்டினால் காணும்."

அன்று மாலையிலிருந்து அவனுக்குக் குண்டு போடப் பழக்கினார்கள். குண்டை உள்ளங்கையில் வைக்காதே, விரல்களின் அடியில் தாங்கு. கழுத்தோடு ஒட்டிப் பிடி. கையால் எறியாதே, காலிலிருந்து தள்ளு. விழுந்த இடத்தில் ஒரு குச்சி நடுவோம். குச்சி நாளுக்கு நாள் ஒரு சாண், அரைச் சாண் என்று நகர்ந்தது. ஸ்டான்டர்ட்ஸ் அன்று முதல் இரண்டு தடவையும் குண்டு கோட்டுக்கு இப்பாலேதான் விழுந்தது. மூன்றாவது, சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் மண்ணைக் கிளப்பியது. ஆசிரியர் குனிந்து பார்த்து, "பாஸ்" என்றார். கப்டன் அந்த இடத்திலேயே கொப்பியைத் திறந்து கட்டத்தை நிரப்பினார். அன்றிரவு புட்டுக்கு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அவன் தன் கதையைச் சொல்லி முடித்திருந்தான்; ஹேஸ்டிங்ஸ்காரனுக்கும் சேர்த்து.

இறுதி நாளில் புள்ளிப் பலகை வெறுமையாகத் தொடங்குவதில்லை. இந்தச் சின்னப் புள்ளிகள் எல்லாம் அதில் ஏற்கெனவே ஏறியிருக்கும். நூறு மீற்றரில் வென்று கிண்ணம் தூக்குகிறவனின் இல்லம், தொய்வுக்காரர்களும் தொந்திக்காரர்களும் சேர்த்துக் கொடுத்த புள்ளிகளிடம் தோற்றுப்போனதும் உண்டு.

இறுதி நாளுக்கு முந்திய இரவு விடுதிக்காரருக்கே உரியது. மைதான ஓரத்தில் ஒவ்வோர் இல்லமும் தனக்கென ஒரு கொட்டில் போட்டு அலங்கரிக்க வேண்டும்; அதற்கும் நடுவர்கள் புள்ளி போடுவார்கள். கிடுகு, பனையோலை, வாழைமரம், மாவிலை, இல்ல நிறத்தில் கிறேப் தாள், ஒரு பெற்றோல்மாக்ஸ் விளக்கு. பொழுதுபட்டால் வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் போய்விடுவார்கள். முகப்புக் கட்டுவதும் தோரணம் பின்னுவதும் எங்கள் கையில். பக்கத்துக் கொட்டிலில் என்ன நடக்கிறது என்று வேவு பார்க்க ஒருவன் போவான், அவனைப் பிடிக்க இன்னொருவன் காவல் நிற்பான். விடியும்போது விடுதிப் பொறுப்பாசிரியரே தேநீர் வாளியுடன் வந்து நான்கு கொட்டிலுக்கும் ஊற்றிவிட்டுப் போவார்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. யாழ்ப்பாணக் கல்லூரி தனியார் பாடசாலையாகவே நின்றது. பிறகு போர் வந்தது; 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. விடுதிகள் பல வெறிச்சோடின. இல்லப் போட்டி மட்டும் அழியவில்லை. இன்றும் முதலாம் தவணையில் வடக்கு கிழக்கு எங்கும் பள்ளி மைதானங்களில் கொடிகள் ஏறுகின்றன, அணிநடை நடக்கிறது, பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள்.

ஆனால் அண்மையில் நான் போய்ப் பார்த்த சில போட்டிகளில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கொட்டில்கள் கோபுரமாகவும் கப்பலாகவும் உயர்ந்திருக்கின்றன. பெற்றோர் பெரும்பணம் கொடுத்திருக்கிறார்கள். ஓடுவதோ தெரிந்தெடுத்த சில பிள்ளைகள். மற்றவர்கள் வெயிலில் இருந்து கைதட்டுகிறார்கள்.

அதிபர்களையும் இல்லப் பொறுப்பாசிரியர்களையும் ஒன்று கேட்கிறேன். அலங்காரத்துக்குச் செலவிடும் நாட்களில் பாதியை ஸ்டான்டர்ட்ஸுக்குக் கொடுங்கள். அது நின்றுபோன பள்ளியில் அடுத்த தையிலேயே திரும்பத் தொடங்குங்கள். ஓர் அளவுநாடாவும் ஒரு நிறுத்தற் கடிகாரமும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும். இல்லத்தின் பெயர்ப் பட்டியலில் ஒரு பிள்ளைக்கு நேரேயும் கட்டம் வெறுமையாக இருக்க விடாதீர்கள்.

(தொடரும்)