சீட்டை எண்ணினால் எழுப்பிவிடுவார்கள்

2014இல் லாஸ் வேகஸில் இருந்த ஹார்ட் ராக் கேசினோவில் பிளாக்ஜாக் ஆடிக்கொண்டிருந்த நடிகர் பென் அஃப்லெக்கிடம் நிர்வாகத்தினர் வந்து, மற்ற ஆட்டம் எதுவும் ஆடலாம், இது மட்டும் வேண்டாம் என்றார்கள். அவர் ஏமாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை. வெளிவந்த சீட்டுகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஆடுகிறார் என்பதுதான் புகார்.

நெவாடா மாநிலத்தில் மனக்கணக்காகச் சீட்டு எண்ணுவது குற்றமல்ல. அதே சமயம் கேசினோ தனியார் இடம். வேண்டாத ஆட்டக்காரரை எழுப்பிவிட அதற்கு உரிமை உண்டு. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் சிக்கல்.

எண்ணும் வித்தை ஒன்றும் ரகசியமல்ல. எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962லேயே புத்தகம் போட்டு ஊருக்குச் சொல்லிவிட்டார். இன்று பரவலாகப் புழங்கும் முறையில் 2 முதல் 6 வரை எது விழுந்தாலும் ஒன்று கூட்ட வேண்டும். பத்து, படச் சீட்டு, ஏஸ் விழுந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9க்குக் கணக்கில்லை. கூட்டுத்தொகை ஏறினால் பெரிய சீட்டுகள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன என்று பொருள். அது ஆட்டக்காரருக்குச் சாதகம் என்பதால் அப்போது பந்தயத்தை உயர்த்துவார்கள். ரம்மியில் கீழே விழுந்த சீட்டை ஞாபகம் வைத்திருப்பவரை நாம் கெட்டிக்காரர் என்போம். இங்கே அதற்கு வெளியே போகச் சொல்கிறார்கள்.

ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனம் தரும் லாபம் சினிமாவில் காட்டுகிற அளவுக்கு இல்லை. திறமையாக எண்ணுகிறவருக்குக் கிடைக்கும் சாதகம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். 25 டாலர் பந்தயத்தில் நூறு ஆட்டம் ஆடினால் எதிர்பார்க்கக்கூடிய லாபம் சுமார் 25 டாலர். அதே நூறு ஆட்டத்தில் அதிர்ஷ்டம் மட்டுமே 300 டாலர் வரை மேலேயோ கீழேயோ தள்ளிவிடுவது சர்வ சாதாரணம். சரியாக எண்ணியும் மாதக்கணக்கில் நஷ்டத்திலேயே உட்கார்ந்திருக்க நேரலாம். கடன் அட்டையை நம்பி இதில் இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

கேசினோவும் சும்மா இருப்பதில்லை. ஆளை வெளியேற்றாமலே ஆட்டத்தைக் கெடுக்க அதற்கு வழி இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது மேஜையில் விரித்த துணி. பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டுமாக, விழுந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது அதில் அச்சிட்டிருக்கும். பழைய வழக்கம் இரண்டுக்கு மூன்று. அதாவது 10 டாலருக்கு 15. பல மேஜைகளில் இப்போது ஐந்துக்கு ஆறுதான். 10 டாலருக்கு 12. எழுத்தில் சின்ன மாற்றம், பையில் பெரிய ஓட்டை. பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒரு முறை விழும். 25 டாலர் பந்தயத்தில் ஒரு மணி நேரத்தில் நாலு முறை விழுந்தால், இந்த ஒரு விதியால் மட்டும் 30 டாலர் குறைகிறது. நன்றாக ஆடினால் கேசினோவின் சாதகம் அரை சதவீதம்தான் என்ற பழைய கணக்கு இந்த மேஜையில் செல்லாது. அது கிட்டத்தட்ட இரண்டு சதவீதத்தைத் தொட்டுவிடும். எண்ணத் தெரியாதவரும் கட்டாயம் பார்க்க வேண்டிய வரி இது.

அடுத்தது, டீலர் கட்டுக்குள் செருகும் பிளாஸ்டிக் அட்டை. அது வெளிவந்ததும் மறுபடி கலைப்பார்கள். ஆறு கட்டு என்றால் 312 சீட்டு. கடைசி ஒன்றரைக் கட்டை மட்டும் ஒதுக்கினால் 234 சீட்டு ஆட்டத்துக்கு வரும். பாதியிலேயே செருகினால் 156தான். எண்ணுகிறவர் சாதகமான கட்டத்தை எட்டுவதற்குள் கலைத்துவிடுவார்கள். ஆடிய சீட்டை உடனுக்குடன் உள்ளே வாங்கிக் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் வைத்த மேஜையில் எண்ணுவது வீண் வேலை.

இதையும் மீறி ஒருவர்மீது சந்தேகம் விழுந்தால் மேற்பார்வையாளர் வந்து நிற்பார். பந்தயத்தை ஏற்றி இறக்காமல் ஒரே தொகையாக வையுங்கள் என்பார். அல்லது பிளாக்ஜாக் வேண்டாம் என்பார். முற்றினால் இனி இந்த வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று எச்சரிப்பார். கடைசியாகச் சொன்னதற்குப் பிறகு திரும்பப் போனால் அது அத்துமீறி நுழைந்த குற்றம். கைது வரை போகலாம்.

நியூ ஜெர்சி மட்டும் விதிவிலக்கு. அட்லாண்டிக் சிட்டியில் தன்னைத் தடுத்த ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் கேசினோமீது கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டு 1982இல் வென்றார். எண்ணுகிறார் என்பதற்காகக் கேசினோ தானாகவே ஒருவரை வெளியேற்ற முடியாது, விதி வகுக்கும் அதிகாரம் மாநிலக் கேசினோ கட்டுப்பாட்டு ஆணையத்துக்கே என்றது அம்மாநில உச்ச நீதிமன்றம். அதற்காகக் கேசினோக்கள் அடங்கிவிடவில்லை. சீக்கிரம் கலைப்பது, பந்தயத்துக்கு வரம்பு போடுவது என்று வேறு வழியில் ஈடுகட்டிக்கொண்டன.

நெவாடாவில் வெளியே போகச் சொல்லலாம்; பின்னறைக்கு இழுத்துப் போக முடியாது. ஏமாற்றினார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால்தான் அங்கே தடுத்து வைக்க முடியும். மனக்கணக்கு அதில் சேராது. ஜேம்ஸ் குரோஜியன் என்ற தொழில்முறை ஆட்டக்காரரை இம்பீரியல் பேலஸ் கேசினோ தடுத்து வைத்தபோது அவர் நீதிமன்றம் போனார். நடுவர் குழு நஷ்டஈடு வழங்கியது. அவரை மோசடிக்காரர்கள் பட்டியலில் சேர்த்து கேசினோக்களுக்குப் படத்துடன் விற்ற கிரிஃபின் நிறுவனம், அவதூறு வழக்கில் தோற்று 2005இல் திவால் மனு போட்டது.

கருவி விஷயத்தில்தான் நிலைமை தலைகீழ். நெவாடாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, சீட்டை எண்ண எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் அது சிறைக்குரிய கடுங்குற்றம். பையிலிருக்கும் கைபேசிச் செயலியும் கருவிதான். விசாவில் இருப்பவருக்கு அதன் பின்விளைவு இன்னும் நீளும். ஆனால் எந்தக் கைக்கு எப்படி ஆடுவது என்ற அடிப்படை அட்டையை மேஜையில் வைத்துப் பார்ப்பதைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிக்கிறார்கள். பரிசுப் பொருள் கடையிலேயே கிடைக்கும்.

எழுப்பிவிட்டாலும் ஜெயித்த சிப்ஸ் ஆட்டக்காரருடையதே. வாடிக்கையாளர் கொடுக்கும் சிப்ஸுக்குக் கேசினோ பணம் தந்தாக வேண்டும். ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் மாறினால் அடையாள அட்டை கேட்டு அரசுக்குத் தெரிவிப்பார்கள். அதைத் தவிர்க்கத் தொகையைக் கூறு போட்டு வாங்குவது கூட்டாட்சிக் குற்றம். 21 வயது நிரம்பாதவர் ஜெயித்தாலும் பணம் கிடைக்காது.

பணம் தர மறுத்தால் சத்தம் போடத் தேவையில்லை. தகராறு 500 டாலரோ அதற்கு மேலோ என்றால், நெவாடா கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கேசினோவே உடனே தெரிவிக்க வேண்டும். குறைவாக இருந்தால், வாரியத்தின் விசாரணையைக் கோரலாம் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். மேஜை எண், நேரம், டீலர் பெயர் ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொள்வது நல்லது. கேமரா பதிவைத் தேட அவைதான் உதவும். வாரிய முகவரின் முடிவில் திருப்தி இல்லாவிட்டால், அது கைக்குக் கிடைத்த 20 நாளுக்குள் மறுபரிசீலனை விசாரணைக்கு மனு கொடுக்கலாம்.