மலைப்பாதையில் சொன்னபடி கேட்கும் டயர் எது?

 

எங்கள் தேவாரத்தில் வீட்டு மாடியில் நின்றால் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். சாக்கலூத்து மெட்டு வழியே சாலை வேண்டுமென்பது ஊரின் நெடுநாள் கோரிக்கை. காரில் மூணாறு செல்வோர் போடிக்குச் சென்று, முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே போடிமெட்டை அடைகின்றனர். பயணத் துஆவை ஓதிவிட்டு வண்டியில் ஏறுகிறோம். ஏறுமுன் டயரைக் குனிந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் அக்கா மகன் வேகத்தில் பிரியமுள்ளவர். ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார். முன்சக்கர டயர்கள் தேய்ந்துவிட்டதால் புதிதாக இரண்டு வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டார். "மாமா, முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குகிறது? நல்ல டயர் அங்கேதானே இருக்க வேண்டும்?" என்றார். கடைக்காரரும் அதையே சொன்னாராம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றியது, நானும் தலையசைத்தேன்.

மறுவாரம் தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மூணாற்றிலிருந்து திரும்புகையில், போடிமெட்டுக்குக் கீழே தூறல். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபோது வண்டியின் பின்புறம் தானாகவே வெளிப்பக்கமாகச் சுழன்றது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. அக்கா இன்றுவரை அந்த வண்டியில் முன்னிருக்கையில் அமர்வதில்லை.

காரணம் இதுதான். டயரின் பள்ளக்கோடுகள் சாலையிலுள்ள நீரை வெளியேற்றுவதற்காக வெட்டப்பட்டவை. தேய்ந்த டயர் நீரை வெளியேற்ற இயலாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்குகிறது. முன்சக்கரம் பிடியை இழந்தால் ஸ்டீயரிங் கையில் இலேசாகும். வண்டி நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் அகன்று செல்லும். அது ஓர் எச்சரிக்கை. ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்சக்கரம் பிடியை இழப்பதோ அவ்வாறன்று. அது கைக்கு எதையும் அறிவிப்பதில்லை. பதறிப்போய் காலை எடுத்தாலும் பிரேக்கை மிதித்தாலும் பாரம் மேலும் முன்னுக்குச் சாய்ந்து, பின்புறம் இன்னும் இலேசாகி, சுழற்சி மிகுகிறது. இறக்கத்தில் பாரம் ஏற்கெனவே முன்பக்கம்தான் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்னால்தான் மாட்டப்பட வேண்டும். முன்சக்கர இழுவை வண்டிக்கும் இதே விதிதான். உலகின் பெரிய டயர் நிறுவனங்கள் கூறும் அறிவுரையும் இதுவே. வசதியிருப்பின் நான்கையும் ஒரே நிறுவனம், ஒரே வகையாக மாற்றுவது எல்லாவற்றிலும் மேல்.

அடுத்து இளைஞர்களின் ஆசைக்கு வருவோம். அகலமான டயரும் பெரிய அலாய் வீலும் வண்டிக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஸ்விஃப்ட் வண்டிக்கு நிறுவனம் தரும் அளவுகள் 165/80 R14, 185/65 R15 என்பன. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. R என்பது ரேடியல். கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பலர் 195/55 R16-க்கு மாறுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தேன்: மூன்றின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 62 சென்டிமீட்டரே. ஆனால் பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 120, பின்னர் 107 எனக் குறைந்துகொண்டே போகிறது. குட்டையான பக்கச்சுவர் ஸ்டீயரிங்குக்கு உடனே பணியும். நேரான உலர்ந்த சாலையில் இன்பமாயிருக்கும். ஆயினும் பிடி விடும் தருணத்தை அது குறைவான முன்னறிவிப்போடே தருகிறது. குழியில் விழுந்தால் ரிம் வளையும். அதே எடையுள்ள வண்டியில் அகன்ற டயர் தேங்கிய நீரில் விரைவாக மிதக்கும். பள்ளத்தாக்குச் சாலைகளையும் மலையையும் அறிந்தவன் என்ற முறையில், 15 அங்குலத்தோடு நின்றுகொள்ளுங்கள் என்பேன்.

அளவுக்குப் பின்வரும் 88H போன்ற குறியையும் பாருங்கள். 88 எனில் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். H எனில் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். பழைய டயரில் உள்ளதைவிட இவை குறையலாகாது. சில டயர்களில் 'டிரெட்வேர்' என்றோர் எண்ணும் இருக்கும். எண் கூடினால் நீண்டநாள் உழைக்கும். பெரும்பாலும் ரப்பர் கடினமாகி ஈரத்தில் பிடி குறையும். நம்மவர்கள் உழைப்பை மட்டுமே விசாரிக்கிறார்கள்.

பழைய டயரில் பள்ளத்தை மீண்டும் வெட்டி, கறுப்புச் சாயம் பூசி விற்போரும் உண்டு. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த செய்தியை நம் பிள்ளைகள் மதரஸாவில் பாடமாகவே படிக்கின்றனர். இங்கே கையை விட வேண்டியவர் வாங்குபவர். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் ஆழம் 1.6 மி.மீ. காருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை அது. மழைக்கால மலைக்கு 3 மி.மீ. ஆகும்போதே மாற்றுவது நலம். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள்: 2324 எனில் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. புதிய டயர் என்று தருவதும் சில வேளை பல ஆண்டுகள் கடையில் உறங்கியதாயிருக்கும்.

காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அளவின்படி, வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையிலேயே சரிபாருங்கள்.

அக்கா மகனின் வண்டியில் புதிய டயர்கள் இப்போது பின்னால் உள்ளன. நானும் உடனிருந்து மாற்றினோம். அப்போது ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துத் தேதியைப் பார்த்தோம். வண்டி வாங்கிய நாளிலிருந்து தரையைத் தொடாத டயர் அது. ஏழு ஆண்டு ஆகியிருந்தது, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள். அடுத்த சம்பளத்தில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.